எக்மன் கிராப்: மெத்தென்ற சேற்றுக்கு நல்ல கருவி, ஆனால் மெல்ல இறக்க வேண்டும்

ஏரி, குளங்களின் அடிச்சேற்றை அள்ளி, அதில் வாழும் புழு பூச்சிகளை எண்ணி, சேறு எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று கணிப்பது என் வேலை. நான்கு வருடமாக எக்மன் கிராப்தான் துணை. 15-க்கு 15 சென்டிமீட்டர் வாய் கொண்ட பெட்டி. அடியில் அமர்ந்ததும் கயிற்றில் ஒரு எடையை நழுவ விட்டால் கொக்கி விடுபடும், ஸ்பிரிங் இழுக்கும், இரண்டு தாடைகளும் சேற்றைக் கவ்விக்கொள்ளும். சின்னப் படகிலிருந்து ஒரே ஆள் தூக்கிவிடலாம்.

சரியாகக் கவ்வி வந்தால் மேல்மூடியைத் திறந்ததும் சேறு கலையாமல் தெரியும். மேலே பழுப்பாக மெல்லிய படலம், கீழே கறுப்பு, முட்டை அழுகிய வாடை. பெரும்பாலான உயிர்கள் மேல் சில சென்டிமீட்டரில்தான் இருக்கும். அதனால் இறக்கும் வேகம்தான் எல்லாமே. தொடக்கத்தில் ஒருமுறை அவசரத்தில் கயிற்றை விட்டுவிட்டேன். பெட்டி தள்ளிக்கொண்டு போன தண்ணீரே மேல்படலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. சல்லடையில் கெட்ட சேற்றிலும் பிழைக்கும் டியூபிஃபெக்ஸ் புழுக்கள் மட்டும். இடம் மோசம் என்று குறித்தேன். மறுநாள் கடைசி ஒரு மீட்டரை மெல்ல மெல்ல இறக்கினேன். அதே இடத்தில், கெட்ட சேற்றை எளிதில் தாங்காத மேஃப்ளை இளம்பூச்சிகள் மூன்று, வயிற்றோரச் செவுள்களை அசைத்தபடி! எவ்வளவு பெரிய தப்பு செய்யவிருந்தேன் என்று கை நடுங்கியது.

குச்சியோ கூழாங்கல்லோ தாடையில் சிக்கினால் மேலே வருவதற்குள் பாதிச் சேறு ஒழுகிவிடும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள், பாவம் பார்த்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாயின் பரப்பு 225 சதுர சென்டிமீட்டர். சதுர மீட்டர் கணக்குக்கு எண்ணிக்கையை 44-க்குச் சற்று மேல் பெருக்க வேண்டும், அதாவது ஒரு புழு தவறினால் 44 தவறியதாக அர்த்தம். நான் ஓர் இடத்தில் மூன்று முறைக்குக் குறைவாக அள்ளுவதில்லை.

மணல், சரளைக்கு இது ஆகாது. அங்கே கனமான பொனார் கிராப் வேண்டும்.

அப்புறம், ஸ்பிரிங் கடுமையானது. கொக்கி மாட்டும்போது தாடைக்குள் விரலை விடாதீர்கள். அலச அரை மில்லிமீட்டர் சல்லடை போதும், ஆனால் தண்ணீரைப் பீய்ச்சினால் டியூபிஃபெக்ஸ் துண்டு துண்டாகிவிடும். அப்போது தலைகளை மட்டும் எண்ணுங்கள். இடம் மாறும்போதெல்லாம் தாடைக் கீல்களைக் கழுவிவிடுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு புழு அடுத்த இடத்தின் கணக்கில் ஏறிவிடும்.