முத்திரை பெட்டியில்தான், விளக்கில் இல்லை: பைக் இண்டிகேட்டர் வாங்குபவர்கள் கவனிக்கவும்

பைக்கில் எல்ஈடி இண்டிகேட்டர் மாற்றப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "ஐ.நா. விதிப்படி சான்று வாங்கியது, அப்படியே மாட்டிக்கலாம், வேறு எதுவும் மாற்ற வேண்டாம்" என்று சொல்லி எனக்கு விற்ற விளக்குகளை வாகனச் சோதனையில் தள்ளிவிட்டார்கள். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

முதல் ஏமாற்று முத்திரையில். முறையாகச் சான்று பெற்ற விளக்கின் லென்ஸிலேயே ஒரு வட்டம், அதற்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் நாட்டைக் குறிக்கும் எண்ணும், பக்கத்தில் சான்று எண்ணும் இருக்கும். முன் விளக்கு என்றால் 11, பின் விளக்கு என்றால் 12 என்ற வகை எண்ணும் உண்டு. எனக்கு வந்ததில் 'ஈ' பெட்டியின் மேல் மட்டும் அச்சாகியிருந்தது. லென்ஸ் மொட்டையாக இருந்தது. கேட்டதற்கு, பெட்டியில் இருந்த 'சிஇ' என்ற எழுத்துகளைக் காட்டினார். அது வேறு முத்திரை. சாலை விளக்குக்கான சான்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது சிமிட்டும் வேகம். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. விளக்கைச் சிமிட்ட வைக்கும் சின்னக் கருவிதான் பிளாஷர் ரிலே. பழைய ரிலே, பல்புகள் இழுக்கும் மின்சாரத்தை வைத்து வேலை செய்வது. 10 வாட் பல்பு இருந்த இடத்தில் ஒன்றிரண்டு வாட் எல்ஈடி வந்தால், பல்பு ஏதோ போய்விட்டது என்பதுபோல அது படபடவென்று அடிக்கும். எல்ஈடிக்கான எலக்ட்ரானிக் ரிலே வேண்டும் என்று விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டியவர், அப்புறம் பழைய பல்பு அளவுக்கு மின்சாரத்தை இழுத்து ரிலேயை ஏமாற்றும் ரெசிஸ்டரை வாங்கச் சொன்னார். அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால், ஒயர்களோடு சேர்த்து அதை டேப் சுற்றி வைக்கச் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும்விட மோசம், வெயிலில் விளக்கு எரிவதே தெரியாததுதான். கறுப்புச் சாயம் பூசிய லென்ஸ். கூடவே கொடுத்த தாங்கிக் கம்பியில் மாட்டினால் பின்னிரண்டும் நம்பர் பிளேட்டை ஒட்டி நிற்கின்றன. பைக்கில் விளக்குகளை எங்கே பொருத்த வேண்டும் என்று சொல்லும் ஐ.நா. 53-ஆம் விதிப்படி பின் இண்டிகேட்டர்களின் உள்விளிம்புகளுக்கு நடுவே குறைந்தது 180 மி.மீ., முன்னால் 240 மி.மீ. இடைவெளி வேண்டும். இது அலங்காரத்துக்கு வைத்த அளவு இல்லை. நெருங்கி இருந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இடமா வலமா என்றே புரியாது, பிரேக் விளக்கின் வெளிச்சமும் அதை விழுங்கிவிடும். திரும்பும் நேரத்தில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நாம் சொல்லும் ஒரே செய்தி அந்தச் சின்ன விளக்குதான்.

புகார் சொன்னபோது முதலில் "சரி, பார்க்கிறோம்" என்றார்கள். பிறகு உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த 'கண்காட்சி வண்டிக்கு மட்டும்' என்ற வரியைக் காட்டிக் கைகழுவிவிட்டார்கள். விளம்பரத்தில் அந்த வரி எங்கும் இல்லை.

வண்டியோடு வந்த பழைய விளக்குகளையே திரும்ப மாட்டிவிட்டேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால், லென்ஸில் பொறித்த எண் தெரியும்படி படம் அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியின் படத்தை மட்டும் அனுப்பினால் வாங்காதீர்கள்.