ஜவுளிக்கடை வேலையும் 800 மீட்டரும்: தண்டையார்பேட்டை காலை பேட்ச் ரிவியூ

வேலைக்கு போறவங்களும் சேரக்கூடிய இந்த காலை ஓட்டப் பயிற்சி பேட்ச்சுக்கு என் மார்க் அஞ்சுக்கு மூணரை. கோச் சாருக்கு மட்டும்னா நாலரை போடுவேன், கிரவுண்டுக்கு ரெண்டே அதிகம். அவர் பேரு இங்க போடல, சின்ன பேட்ச், கூட்டம் சேந்தா தன்னால பாத்துக்க முடியாதுன்னு அவரே வேணாம்னுட்டாரு, வேணும்ங்கறவங்க மெசேஜ் பண்ணுங்க சொல்றேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல ஜவுளிக்கடைல சேல்ஸ்ல இருக்கேன். காலைல பத்துக்கு போனா ராத்திரி ஒம்போதரை ஆகும், முக்காவாசி நேரம் நின்னுக்கிட்டே தான். ஸ்கூல்ல 800 ஓடி டிஸ்ட்ரிக்ட் வரைக்கும் போனவ, அப்புறம் கல்யாணம் கொழந்தைன்னு அப்படியே விட்டுப்போச்சு, 35 வயசு ஆனா மாஸ்டர்ஸ் மீட்ல ஓடலாம்னு தெரிஞ்சதும் திரும்ப ஆசை வந்துடுச்சு. மொதல்ல வேற ஒரு இடத்துல சேந்தேன், அங்க காலேஜ் பசங்களுக்கு போட்ட ஷெட்யூலையே நமக்கும் குடுப்பாங்க, ஒரு நாள் வரலன்னா டெடிகேஷன் இல்லன்னு எல்லார் முன்னாடியும் ஒரு பேச்சு வேற.

இவர்கிட்ட போனப்போ என் பழைய டைமிங் என்னன்னே கேக்கல. "கடைல எவ்ளோ நேரம்மா நிக்கறே"ன்னு தான் கேட்டாரு. நிக்கறதையும் டிரெயினிங் கணக்குலயே சேத்துடறாரு, இந்த பேட்ச்ல எனக்கு புடிச்சதே இதான். சனி ஞாயிறு கடைல கூட்டம்ங்கறதால எனக்கு ஹார்ட் செஷன் செவ்வாயும் வியாழனும், 200 மீட்டர் ரிபீட்ஸ், அதாவது 200 மீட்டர வேகமா திரும்பத் திரும்ப ஓடணும், நடுவுல நடந்து ரெஸ்ட். திங்கக்கிழமை சும்மா ஜாகிங், கால் கனமா இருந்தா அதுவும் வேணாம்பாரு. ஆடித் தள்ளுபடி நேரத்துல வாரத்துக்கு ஒரே ஒரு ஹார்ட் செஷன், மத்த நாளு இருபது நிமிஷம் ஈசியா ஓடிட்டு வீட்டுக்கு போய் படும்மான்னு அனுப்பிடுவாரு. கடைல ஸ்டூல் போட்ருக்காங்களான்னு கூட விசாரிச்சாரு. 2021ல தமிழ்நாட்டுல சட்டமே வந்துச்சு இல்ல, கடைல வேலை செய்றவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு. எங்க கடைல ஸ்டூல் இருக்கு சார், அதுல சுடிதார் பண்டல் உக்காந்துருக்குன்னேன்.

போன வருஷம் மீட்டுக்கு கொஞ்ச நாள் முன்னாடி ரெண்டு கால்லயும் முன்னெலும்பு வலி ஆரம்பிச்சிடுச்சு. பாம் தடவிட்டு ஓடுன்னு சொல்லுவாருன்னு நெனச்சேன், ஆனா உக்கார வெச்சு எலும்பு மேல வெரலால அழுத்தி அழுத்தி பாத்தாரு. உள்பக்க ஓரமா ஒரு நீளத்துக்கு வலிச்சா பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட் (ஓடி ஓடி முன்னெலும்பு ஓரமா வர்ற வலி), ஒரே ஒரு புள்ளில சுள்ளுனு வலிச்சு, ராத்திரி படுத்தாலும் விடலன்னா எலும்புல கீறல் இருக்கலாம், அது ஆரம்பத்துல எக்ஸ்ரேல கூட தெரியாம போகலாம், நீ டாக்டர பாத்துட்டு வான்னு ஓட்டத்தையே நிப்பாட்டிட்டாரு. நல்லவேளை ஷின் ஸ்ப்ளின்ட் தான். மீட் போச்சு, அழுதேன், அது வேற கதை. வலி அடங்கினதும் வீட்டுக்காரர் சைக்கிள்ல கால்மண்டபம் வரைக்கும் மிதிக்க சொல்லி, அப்புறம் கொஞ்சம் ஓட்டம் கொஞ்சம் நடைன்னு மெதுவா ஏத்துனாரு. முக்கியமா ஓடாத நாளுக்கு வாங்கின ஃபீஸ அடுத்த மாசத்துல கழிச்சுக்கிட்டாரு, எந்த ஜிம்ல செய்வாங்க சொல்லுங்க.

இப்ப கொறை. கிரவுண்ட்ல லேடீஸுக்கு பாத்ரூம் கெடையாது, காலைல அஞ்சேகாலுக்கு வர்ற பொண்ணுங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு ஆம்பளைங்களுக்கு சொன்னா தான் தெரியும் போல. லைட் ஒரு பக்கம் மட்டும் தான். மண் டிராக், ஐப்பசி மழை புடிச்சா கொளம் ஆயிடும், சரியா அப்ப தான் கடைல தீபாவளி கூட்டமும், ரெண்டும் சேந்து மாசமே போயிடும். ஃபுட்பால் பசங்க வேற வளைவுல குறுக்க வருவாங்க, அவங்கள திட்டவும் மனசு வரல, பசங்களும் எங்க தான் போவாங்க. சாப்பாடு விஷயத்துல சாருக்கு தெரிஞ்சதெல்லாம் முட்டை சாப்பிடு, அவ்ளோ தான். எனக்கு ரெண்டாவது லேப்ல மூச்சு வாங்கினது இரும்புச்சத்து கம்மியாலன்னு கண்டுபுடிச்சது ஜி.எச். டாக்டரு, சாப்பாட்டோட டீ குடிக்காத, டீ இரும்ப உடம்புல சேரவிடாதுன்னாங்க. பொம்பளைங்கள டிரெயின் பண்றவரு ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துட்டு வான்னு மொதல்லயே சொல்லியிருக்கணும்.

இன்னொண்ணு, யாராச்சும் சோர்ந்து போனா ஓட்டக்காரர் ராஜேஷ் ரமேஷ் கதைய எடுத்துடுவாரு. ரயில்ல டிக்கெட் செக் பண்ற வேலைல இருந்தவரு, 2023 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்ல 4x400 ரிலேல 2 நிமிஷம் 59.05 செகண்ட், அப்போ ஆசிய ரெக்கார்டு போட்ட டீம்ல ஓடுனாருல்ல, உனக்கென்னம்மாம்பாரு. கேக்க நல்லா தான் இருக்கு, ஆனா ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டான்னு ஒண்ணாச்சும் இருக்கு, ஜவுளிக்கடைல மீட்டுக்கு லீவ் கேட்டா சம்பளத்துல தான சார் கை வெப்பாங்க.

ஃபீஸ் மாசம் 700. சனிக்கிழமை ட்ரையல் ஃப்ரீ. ஸ்பைக்ஸ் (அடில ஆணி வெச்ச ஓட்ட ஷூ) வாங்கிட்டு போயிடாதீங்க, மண்ணுல ஓட சாதா ரன்னிங் ஷூ போதும், பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு கூட்டிட்டு போறப்போ வாங்கிக்கலாம். மறக்காம உங்க ஷிஃப்ட் டைம ஒரு பேப்பர்ல எழுதிட்டு போங்க, அதான் மொதல்ல கேப்பாரு.