கொறங்காட்டு மேய்ச்சலுக்குக் கணினி: சில வருட அனுபவம்

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காடு, வைத்திருப்பவர்களுக்கு மேய்ச்சல் திட்டம் புதிதல்ல. கிளுவை வேலி போட்ட துண்டுகள், கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரங்கள், ஒரு காடு குறைந்தால் அடுத்த காடு. இதில் கணினிக்கு என்ன வேலை? செம்மறிப் பட்டி வைத்துக்கொண்டு சில வருடம் புழங்கியதில், வேலை இருக்கிறது. ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

கூகுள் எர்த் புரோ என்ற வரைபட மென்பொருள் இலவசம். வேலியோரமாகக் கோடு வரைந்தால் பரப்பு வந்துவிடும். பட்டாவில் உள்ள ஏக்கர் வேறு, ஆடு வாய் வைக்கும் ஏக்கர் வேறு. பாறை, புதர், பட்டி போடும் இடம் எல்லாம் கழித்துக் குறித்துக்கொண்டால் போதும், அப்புறம் அதைத் திறக்க வேண்டியதே இல்லை.

அடுத்து செயற்கைக்கோள் படம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களை கோபர்னிகஸ் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சுமார் ஐந்து நாளுக்கு ஒரு படம். ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது நாலு ஏக்கர் காட்டுக்கு ஏறக்குறைய 160 புள்ளிகள். பச்சையை அளக்கும் என்டிவிஐ குறியீட்டை வைத்து, ஐப்பசி மழைக்குப் பிறகு எந்தக் காடு முதலில் துளிர்த்தது என்று ஒப்பிடலாம், மேகம் வழிவிட்டால். ஆனால் அதற்கு வெள்வேல இலையும் பச்சை, பார்த்தீனியமும் பச்சை. அதைவிடப் பெரிய குறை, காய்ந்த புல் அதன் கண்ணில் படாது. மாசியில் காடு காலி என்று படம் சொல்லும். போய்ப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த கொழுக்கட்டைப் புல் நிற்கும். நம் ஆடுகள் வருடத்தில் பாதி நாள் தின்பதே அதைத்தானே! இதே படத்துக்கு வண்ணம் பூசிச் சந்தா கேட்கும் செயலிகளுக்குப் பணம் கட்டாதீர்கள்.

உண்மையில் காசு மிச்சம் பிடித்துக் கொடுத்தது வெறும் எக்செல்தான். புல் விதை கொட்டி வளர்ச்சி நின்றதும், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கம்பிச் சட்டத்தைக் காட்டில் பல இடங்களில் போட்டு, உள்ளே இருக்கும் புல்லை அறுத்து, நன்றாகக் காயவைத்து எடை போடுகிறோம். சராசரி 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்குச் சுமார் 810 கிலோ. பாதியைத் தூருக்கும் மண்ணுக்கும் விட்டால் 405 கிலோ. 25 கிலோ ஆடு உடல் எடையில் மூன்று சதவீதம், அதாவது முக்கால் கிலோ காய்ந்த தீனி தின்னும். ஆகவே ஓர் ஏக்கரில் ஓர் ஆட்டுக்கு 540 நாள் தீனி. நாலு ஏக்கரில் 30 ஆடுகளுக்கு 72 நாள் வரும். பத்து ஆட்டை விற்றால் அதே புல் 108 நாள் வரும்.

தை மாதமே இந்த எண் கையில் இருந்தால் முடிவு சுலபம். தீனி 40 நாளுக்கு இடிக்கிறது என்றால் 30 ஆட்டுக்கு 900 கிலோ சோளத்தட்டு வாங்க வேண்டும். அந்தச் செலவு அதிகமா, கிடாக்குட்டிகளை இப்போதே விற்றால் குறையும் விலை அதிகமா? இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். சித்திரையில் தட்டு தேடி அலைவதும், மெலிந்த ஆட்டை வந்த விலைக்குத் தள்ளுவதும் இப்போது இல்லை.

ஒன்று மட்டும் கவனம். இந்தக் கணக்கு வயிறு நிறைவதைச் சொல்லும், சத்தைச் சொல்லாது. காய்ந்த புல்லில் புரதம் குறைவு, சினை ஆட்டுக்குப் புண்ணாக்கு வைத்தே ஆக வேண்டும். உதிரும் வேலங்காயை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது கிடைத்தால் லாபம். மேய்க்கிற பெரியவர் காட்டை ஒரு சுற்று நடந்துவிட்டு “பங்குனி வரைக்கும் தாங்கும்” என்பார். எக்செல் கணக்கும் பெரும்பாலும் அதையே சொல்லும். ஆனால் பங்காளிகளிடம் பேச அவர் வாக்கு போதாது, எண் வேண்டும்.

குத்தகை பேசவும் இது கைகொடுக்கிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று வாய்வழக்கில் ஓடும் தொகையைத் தீனி நாட்களால் வகுத்தால், ஓர் ஆட்டுக்கு ஒரு நாள் மேய்ச்சல் என்ன விலை என்று தெரிந்துவிடும். பக்கத்துக் காடு ஒன்று அப்படிப் பார்த்ததில் தட்டு வாங்கிப் போடுவதைவிட அதிகமாக வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.