ஹார்ட் டிஸ்க்கா, கிளவுடா, பூட்டா: லேப்டாப் திருடு போனா எது கைகொடுக்கும்?

போன வருசம் கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு கல்யாணம் எடுத்து முடிச்சுட்டு, காடிய ரோட்டோரமா போட்டுட்டு பத்தே நிமிசம் சாப்பிடப் போனேன், திரும்பி வந்தா பின் கண்ணாடி நொறுங்கிக் கெடக்கு, பேக்க காணோம். லேப்டாப் அதுலதான் இருந்துச்சு. பேக்கப்புக்குன்னு வாங்குன எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் அதே பேக்லதான். மூணு வீட்டு கல்யாணப் படம், ரெண்டு வீட்டோடது கேமரா கார்டுல இன்னும் இருந்ததால தப்பிச்சுச்சு, மூணாவது கார்ட ஏற்கனவே அழிச்சு அதுல வேற படம் எடுத்துட்டேன். அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு நான்தான் போன் பண்ணி சொன்னேன். அவங்க அழுதது இன்னும் காதுல இருக்கு.

அதுக்கப்புறம்தான் எது எதுக்கு உதவும்னு ஒண்ணொண்ணா பாத்தேன். லேப்டாப் போனா ரெண்டு நட்டம்: நம்மகிட்ட இருந்தது இல்லாம போறது, நம்மளது அடுத்தவன் கைக்குப் போறது. பேக்கப் மொதல் நட்டத்துக்கு மட்டும்தான் மருந்து, ரெண்டாவதுக்கு என்கிரிப்ஷன், அதாவது பாஸ்வேர்ட் இல்லாம யாரும் படிக்க முடியாதபடி உள்ள இருக்கறத பூட்டறது. ஒண்ணு செஞ்சா இன்னொண்ணும் சரியாயிடும்னு நெனைக்காதீங்க.

டிஸ்க்கையும் கிளவுடையும் (இன்டர்நெட் வழியா கூகுள் மாதிரி கம்பெனியோட சர்வர்ல வைக்கறது) பக்கத்துல பக்கத்துல வச்சு பாப்போம். லோயாட் கம்ப்யூட்டர் மால்ல ஏறி இறங்குனா சில நூறு வெள்ளிக்கு ரெண்டு டிபி டிஸ்க் கெடைக்கும், ஒரு தடவ காசு கொடுத்தா முடிஞ்சுது, இன்டர்நெட்டும் வேணாம், 60 ஜிபி கல்யாணம் கொஞ்ச நேரத்துல ஏறிடும். குறை என்னன்னா அது எங்க இருக்கோ அங்க நடக்கறது அதுக்கும் நடக்கும். பேக்ல இருந்தா பேக்கோட போகும், மேசை மேல இருந்தா தீபாவளிக்கு எல்லாரும் ஈப்போ போன நேரம் பாத்து வீட்ட ஒடைக்கறவன் லேப்டாப்போட சேத்து அள்ளிட்டுப் போவான். வெள்ளத்தையும் மறந்துடக்கூடாது, 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் எத்தன வீட்டுல கீழ் மாடி முழுசா தண்ணிக்குள்ள போச்சு. அதனால ஒரு டிஸ்க் பத்தாது, ரெண்டு வேணும், ஒண்ணு வேற வீட்டுல இருக்கணும். மூணு பிரதி, ரெண்டு விதமான சாதனம், ஒண்ணு வேற எடத்துலன்னு பீட்டர் க்ரோக்ங்கற போட்டோகிராபர் பரப்புன கணக்கும் இதேதான்.

கிளவுட் அந்த குறைய தீர்க்குது, ஆனா அளவுல இடிக்கும். கூகுள்ல இலவசம் 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலுக்கும் படத்துக்கும் சேத்து, ஒன்டிரைவ்லயும் ஐகிளவுட்லயும் 5 ஜிபிதான். என் ஒரு கல்யாணமே அதுல அடங்காது. காசு கொடுத்து இடம் வாங்கினாலும் அப்லோட் வேகம்தான் பிரச்சினை, 50 எம்பிபிஎஸ்ல 500 ஜிபி ஏத்த நிக்காம ஓடினாலே 22 மணி நேரத்துக்கு மேல ஆகும். ஆனா மஸ்ஜிட் இந்தியா பக்கம் சின்ன கடைங்களுக்கு கணக்கு எழுதற எங்கக்காவுக்கு கிளவுட்தான் சரி, பத்து வருச கணக்கும் 15 ஜிபிக்குள்ள அடங்கிடுது. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லணும், டிரைவ், ஒன்டிரைவ் இதெல்லாம் ஸிங்க், நீங்க தவறுதலா இங்க அழிச்சா அங்கயும் அழியும், குப்பைத் தொட்டியில 30 நாள்தான் இருக்கும். பேக்பிளேஸ் மாதிரி பேக்கப்புக்குன்னே இருக்கறதுல ஒரு கம்ப்யூட்டருக்கு அளவே கிடையாது, ஆனா டாலர்ல கட்டணும்.

நாஸ் பொட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்ல மாட்டற டிஸ்க் பொட்டி, நல்லதுதான், ஆனா வெல ஜாஸ்தி, வீட்டுக்குள்ளயே இருக்கறதால வீட்டுத் திருட்டுக்கு உதவாது. விட்டுட்டேன்.

இப்ப பூட்டு. விண்டோஸ் பாஸ்வேர்ட் இருக்குல்லன்னு பல பேர் நிம்மதியா இருக்காங்க, என்கிரிப்ட் பண்ணாத மெஷின்ல உள்ள இருக்கற எஸ்எஸ்டி டிஸ்க்க கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா எல்லாம் திறந்த புஸ்தகம்தான். எங்கக்கா லேப்டாப்ல அடுத்தவங்களோட ஐசி (அடையாள அட்டை) காப்பி, வரி பாரம் எல்லாம் இருக்கு, அது வெளிய போனா அவளுக்கு மட்டுமா நட்டம்? விண்டோஸ் ப்ரோ வச்சிருந்தா அதுலயே இருக்கற பிட்லாக்கர்ங்கற பூட்டு போதும், எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் அதுலயே பூட்டலாம். விண்டோஸ் ஹோம்ல பல மெஷின்ல டிவைஸ் என்கிரிப்ஷன்னு ஒண்ணு இருக்கும், செட்டிங்ஸ்ல ஆன் ஆயிருக்கான்னு பாத்துக்குங்க, ஆனா எக்ஸ்டர்னல் டிஸ்க்க அதால பூட்ட முடியாது, அதுக்கு வெராகிரிப்ட்ங்கற சாப்ட்வேர், இலவசம். கொஞ்சம் கஷ்டம்தான், பாஸ்வேர்ட் மறந்தா யாராலயும் திறக்க முடியாது. மேக் வச்சிருந்தா அதுலயே இருக்கற ஃபைல்வால்ட். திருடு போன மேக்க ஃபைண்ட் மைல தூரத்துலேருந்தே அழிக்கலாம், விண்டோஸோட ஃபைண்ட் மை டிவைஸ்ல இடம் பாக்கலாம், பூட்டலாம், அழிக்க முடியாது. அதுவும் அந்த லேப்டாப்புக்கு நெட் கெடைச்சாதான், அதனால நான் இத நம்பி உக்கார மாட்டேன்.

என் முடிவு: ப்ரோவுக்கு மாறி பிட்லாக்கர் போட்டேன், ரெண்டு டிஸ்க்கையும் பூட்டிட்டேன், ஒண்ணு வீட்டுல, ஒண்ணு கிள்ளான்ல அம்மா வீட்டு மேல் மாடி அலமாரில, வெள்ளிக்கிழமை போறப்பெல்லாம் மாத்தி வச்சுட்டு வருவேன். தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும் கிளவுட்ல. வேல முடியாத கல்யாணத்தோட கார்ட, படம் ரெண்டு டிஸ்க்லயும் ஏறாத வரைக்கும் அழிக்கறதே இல்ல.

பூட்டு வழக்கம்போல திறக்கலைன்னா போடற பிட்லாக்கர் ரிக்கவரி கீ 48 இலக்கம், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்லயே சேத்து வைக்கலாம்தான், ஆனா அந்த அக்கவுண்ட்டுக்குள்ள போக கோட் வர்ற போனும் அன்னிக்கு அதே பேக்ல இருந்திருந்தா நான் வெளியதான் நின்னிருப்பேன். போன் இல்லாமலே கூகுள் அக்கவுண்ட்டுக்குள்ள போக கூகுள் கொடுக்கற 10 பேக்கப் கோடையும் அந்த கீயையும் தாள்ல எழுதி அம்மாகிட்ட கொடுத்தேன், அவங்க அத சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருக்காங்க.