அப்பாவின் ஷெட்டுக்கு வந்த 12 வோல்ட் ட்ரில்

ஓய்வு பெற்ற மறுவாரமே அப்பா காரை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளிவிட்டார். கார் இப்போது வெயிலில் காய்கிறது. உள்ளே ஒரு பழைய கதவு மேசையாகிவிட்டது. தெருவில் யார் வீட்டு ஸ்டூல் ஆடினாலும் அங்கேதான் வந்து சேரும். அவருக்கு நான் வாங்கிக் கொடுத்த, வயர் இல்லாத ட்ரில் மெஷினுக்கு ஆறு மாதம் ஆகிறது.

முதலில் தொடவேயில்லை. "பேட்டரில ஓடுறதெல்லாம் பொம்மைடா" என்று பழைய வயர் மெஷினையே எடுத்தார். மனம் மாறியது பக்கத்து வீட்டு அலமாரியால். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு கதவு. கீலுக்கு ஸ்குரூவை அரைச் சுற்று கூடுதலாக முறுக்கினாலும் துளை பொடிந்து பிடிமானம் போய்விடும். இந்த மெஷினில், துளை போடும் முனையான பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்குப் பின்னால் எண் போட்ட வளையம் ஒன்று உண்டு. சின்ன எண்ணில் வைத்தால், ஸ்குரூ தலை பலகையில் உட்கார்ந்ததும் டகடகவென்று சத்தம் வரும், முறுக்குவது நின்றுவிடும். அப்பா கண்ணாடியைக் கழற்றி வளையத்தைக் கிட்டத்தில் பார்த்தார். "இதக் கண்டுபிடிச்சவன் நிறைய ஸ்குரூ கெடுத்திருப்பான்."

ஆனால் வளையத்தைத் துளை போடும் குறியில் வைத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. இரும்புப் பட்டையில் பிட் சிக்கியபோது மெஷினே சுழன்று அப்பாவின் மணிக்கட்டைத் திருகிவிட்டது. இரண்டு நாள் வலி. பையன் வாங்கிக் கொடுத்ததாயிற்றே, வெளியே சொல்லவில்லை.

என் பெரிய குறை சக். சாவி கிடையாது, கையாலேயே இறுக்க வேண்டும். கட்டைவிரல் மூட்டு வலிக்கிறவருக்கு அது சிரமம். பாதி வேலையில் பிட் நழுவுகிறது. பழையதில் சாவியை நூல் போட்டு வயரிலேயே கட்டி வைத்திருந்தார். இதில் கட்ட வயரும் இல்லை, சாவியும் இல்லை. சுத்தியல் அடி போடும் வசதியும் இந்த மாடலில் இல்லை. செங்கல் சுவரில் அதற்கான பிட் போட்டால் மெதுவாக இறங்குகிறது. திரைச்சீலைக் கம்பி மாட்ட ஜன்னலுக்கு மேலே கை வைத்தால் கான்கிரீட் லிண்டல். அங்கே இது வெறுமனே முனகும்.

பெட்டியில் போட்ட 12 வோல்ட்டை அப்பா நம்பவில்லை, மல்டிமீட்டரோடு உட்கார்ந்தார். உள்ளே மூன்று லித்தியம் செல்கள், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். கூட்டினால் 10.8தான். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் மட்டும் மீட்டர் 12-ஐத் தாண்டியது. அது ஏமாற்று இல்லை, அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள் என்றேன். "அப்போ சம்பளத்தையும் முதல் தேதியில மட்டும் எண்ணிக்கலாம்" என்றார்.

சூட்டில் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும் என்று நான் சொன்னதிலிருந்து அது ராத்திரி அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் தூங்குகிறது. வாங்குகிறவர்கள் இரண்டு பேட்டரி உள்ள செட்டாகவே வாங்குங்கள். இங்கே ஒன்றுதான், அது தீர்ந்துபோனால், சார்ஜ் ஏறும்வரை அப்பா என் அறையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

பழைய மெஷினை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அதன் வயரைச் சுருட்டி மேல்தட்டில் வைத்தார், பதில் வரவில்லை.