செக் லைட், மலை ஏற்றம், ரயில் பிரஷர் சென்சார்: என் பிக்கப் அனுபவம்

கம்பம் பக்கத்திலிருந்து குமுளி வழியாகக் கேரளாவுக்குக் காய்கறியும் வாழைத்தாரும் ஏற்றிப் போகும் டீசல் பிக்கப் என்னுடையது. காமன் ரயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை), பிஎஸ் 4 புகை விதிக்கு வந்தது. மைலேஜிலும் இழுவையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை வருட ஓட்டத்தில் இந்த வண்டி கொடுத்த பெரிய தலைவலி ஒன்றுதான்: ரயில் பிரஷர் சென்சார், அதாவது இன்ஜினுக்குப் போகும் டீசலின் அழுத்தத்தை அளக்கும் கருவி, சம்பந்தப்பட்ட கோளாறு. இதே தொந்தரவுக்கு டீசல் பம்ப்பையே மாற்றிப் பணத்தை விட்டவர்கள் எங்கள் ஸ்டாண்டிலேயே இருக்கிறார்கள். அதனால் அதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

சமதளத்தில் ஓடும்போது எந்த அறிகுறியும் இல்லை. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது, லோடோடு வளைவில் இரண்டாவது கியர் போட்டு அழுத்தினால் இன்ஜின் கோளாறைக் காட்டும் செக் லைட் எரியும், அந்த நொடியே இழுவை செத்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் ஆர்பிஎம் ஏறாது. ஓரங்கட்டி இன்ஜினை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். அடுத்த வளைவிலேயே திரும்ப வந்தாலும் வரும். பின்னால் பஸ்ஸும் எஸ்டேட் ஜீப்புகளும் வரிசைகட்டி நிற்கிற ரோட்டில் இது சாதாரண விஷயம் இல்லை.

இன்ஜின் ஏன் அப்படிச் செய்கிறது என்று புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பம்ப் டீசலை அழுத்தி ரயில் என்கிற கனமான குழாயில் நிரப்புகிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, அங்கே ஏறக்குறைய 300 பார் அழுத்தம். லோடில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அந்த அழுத்தத்தை இசியுவுக்கு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) சொல்வது ரயிலின் மேல் உட்கார்ந்திருக்கும் சென்சார். இசியு அதைப் பார்த்துத்தான் பம்ப்பில் இருக்கும், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வைக் கூட்டிக் குறைக்கிறது. சென்சார் சொல்லும் கணக்கை நம்ப முடியாவிட்டால், இன்ஜினைக் காப்பாற்றச் சக்தியைக் குறைத்துவிடும். லிம்ப் மோட் என்பது அதுதான்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0193 என்று கோளாறு எண் (கோடு) வந்தது. "பம்ப்பும் சென்சாரும் மாத்திடுங்க" என்று சொல்லி அரை லட்சத்தை ஒட்டி எஸ்டிமேட் கொடுத்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன்.

அவர் முதலில் சொன்னது இது: "தம்பி, 193ன்னா சிக்னல் வோல்டேஜ் அளவுக்கு மேல போகுதுன்னு அர்த்தம். டீசல் அழுத்தம் குறைஞ்சா 87 வரும். பம்ப்பைப் பத்தி இது ஒண்ணுமே சொல்லலை." பி0087 வந்தால் ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசல் (இன்ஜெக்டர் ரிட்டர்ன்) என்று தேடலாம். பி0192, பி0193 இரண்டும் கரண்ட் சமாச்சாரம்: ஒயர், அதை சென்சாரோடு இணைக்கும் கப்ளர், இல்லையென்றால் சென்சார். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தாலே எத்தனையோ பம்ப்கள் கழற்றப்படாமல் தப்பித்திருக்கும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் லைவ் டேட்டா, அதாவது சென்சார் அந்தந்த நொடி காட்டும் அளவு, பார்த்தோம். ரயிலில் அழுத்தம் இல்லாத நேரம், சென்சாரும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டியது. ஸ்டார்ட் செய்தோம், இசியு கேட்கும் அழுத்தமும் உண்மையில் இருக்கும் அழுத்தமும் சேர்ந்தே ஏறி இறங்கின. அப்புறம் லோடோடு மலைக்குப் போனோம். அண்ணன் பக்கத்து சீட்டில் ஸ்கேனரோடு. லைட் எரிந்த நொடியில் அழுத்தம் ஒரே தாவலில் உச்சிக்குப் போய், பிறகு ஒரே எண்ணில் அசையாமல் நின்றது. பம்ப் பலவீனமாகிப் போனால் அழுத்தம் சரிந்து இறங்கும்; இப்படிக் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலே குதிக்காது. அசையாமல் நின்றது, சிக்னலை நம்பாமல் இசியு தானாகப் போட்டுக்கொண்ட மாற்று எண்.

திரும்பி வந்து மல்டிமீட்டரை எடுத்தார். சென்சாருக்கு மூன்று ஒயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். கப்ளரைக் கழற்றாமல் பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்துத்தான் அளக்க வேண்டும். ஒயரைக் குத்தித் துளை போட்டால் அதுவே நாளைக்குப் புதுக் கோளாறு. சாவி போட்டதும் சிக்னலில் 0.5 வோல்ட். என் வண்டிச் சென்சார் 1800 பார் வரை அளப்பது, பூஜ்யத்துக்கு 0.5, உச்சத்துக்கு 4.5 வோல்ட். அந்தக் கணக்குப்படி 300 பாருக்கு 1.17 வர வேண்டும். ஐடிலில் மீட்டர் 1.2ஐ ஒட்டியே நின்றது. ஆக, சென்சார் நல்லாத்தான் இருந்தது.

அடுத்து, இன்ஜின் ஐடிலில் ஓட, ஒயரிங் கட்டை அங்கங்கே பிடித்து மெதுவாக அசைத்துப் பார்த்தார். ஒரு பிராக்கெட்டைக் கடக்கும் இடத்தில் லேசாக இழுத்ததும் மீட்டர் 5 வோல்ட் பக்கம் ஓடியது, செக் லைட்டும் வந்துவிட்டது. டேப்பைப் பிரித்தோம். எர்த் ஒயரின் மேல்தோல் முழுசாக இருந்தது. உள்ளே செப்பு இழைகள் பச்சை பூத்து, ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் அறுந்திருந்தன. எர்த் விட்டுப்போனால் சிக்னல் மேலே ஏறிவிடும். பி0193 வந்த கதை அதுதான். மலையில் மட்டும் ஏன்? சின்ன கியரில் லோடு இழுக்கும்போது இன்ஜின், அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கில் ஒரு பக்கம் சாயும். எங்கள் வண்டியில் ஒரு மவுண்டிங் ரப்பர் தளர்ந்து, சாய்வு அதிகமாகி, ஒயரை இழுத்துக்கொண்டிருந்தது.

கெட்டுப்போன நீளத்தை வெட்டி, அதே தடிமன் ஒயர் வைத்து, சால்டர் போட்டு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் சுருக்கி, கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டினார். வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது இந்த இடத்தில் ஆகவே ஆகாது. மவுண்டிங்கும் புதிது. மொத்தச் செலவு அந்த எஸ்டிமேட்டின் பக்கத்தில்கூட வரவில்லை.

அதற்கப்புறம் மழைக்காலம், வெயில்காலம் எல்லாம் அதே மலையில் முழு லோடோடு ஓட்டிவிட்டேன். அந்தக் கோடு திரும்பவே இல்லை. ஒரே ஒரு முறை இழுவை குறைந்து பி0087 வந்தது. அன்று லைவ் டேட்டாவில், கேட்கும் அழுத்தம் மேலே போக, உண்மையான அழுத்தம் பின்தங்கிச் சரிவது தெளிவாகத் தெரிந்தது. டீசல் ஃபில்டரைக் கழற்றினால் அடைப்பு, அடியில் தண்ணீர். மாற்றியதும் சரியானது. இரண்டுமே ஓட்டுகிறவனுக்கு ஒரே மாதிரி இழுவைக் குறைவுதான். ஸ்கேனரில் இரண்டும் வேறு வேறு.

இதைப் படித்துவிட்டுச் சொந்தமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு: மீட்டர் வைப்பது, ஒயரை அசைப்பது வரை சரி. ஓடும் இன்ஜினில் ரயில் பைப்பையோ இன்ஜெக்டர் நட்டையோ தளர்த்திப் பார்க்காதீர்கள். பழைய டீசல் வண்டிகளில் ஏர் எடுக்க அப்படிச் செய்வார்கள். இங்கே அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், வலியும் அப்போது பெரிதாக இருக்காது. ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. இன்ஜினை அணைத்து, அழுத்தம் இறங்கச் சில நிமிடம் விட்டுத்தான் எதையும் கழற்ற வேண்டும்.

கம்பெனியில் வந்த அதே சென்சார்தான் இன்றும் ரயிலில் இருக்கிறது. சர்வீஸுக்கு விடும் அன்று காலையில் சாவி மட்டும் போட்டு அதன் பூஜ்யத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இன்ஜின் ஓடாமலேயே அது அழுத்தம் காட்ட ஆரம்பிக்கும் அன்றைக்குப் புதியது வாங்குவேன்.