சென்னை விமான நிலையத்தில் எட்டு மூடி கொப்பரை

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு லண்டன் திரும்பியாயிற்று. விமானம் நேரத்துக்குக் கிளம்பியது, சாப்பாடும் பரவாயில்லை. அதை விடுங்கள், கொப்பரைக்கு வருகிறேன்.

பிரிட்டனுக்குள் நம் ஊர் இறைச்சி, பால் பண்டம் எதையும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் வேண்டாம் என்று காங்கேயத்துச் சித்தியிடம் முன்பே சொல்லியிருந்தேன். "சரி கண்ணு" என்றார். அந்த இடத்தை நிரப்பத்தான் களத்தில் காய்ந்த கொப்பரை என் வேட்டி மடிப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

முன்பெல்லாம் மீனம்பாக்கத்தில் நுழைந்ததுமே பெட்டியை எக்ஸ்ரேயில் விட்டு பிளாஸ்டிக் பட்டை போட்டுவிடுவார்கள். வம்பு வந்தாலும் வாசலிலேயே வரும். வேன் நிறைய வந்த சொந்தம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும், கொடுத்தனுப்பிவிடலாம். இந்தமுறை பெட்டியைப் போட்டுவிட்டு, 2023-ல் திறந்த முனையத்தின் அலங்காரங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அங்கிள், கொப்பரை வச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா" என்றேன், சத்தியமாக. அந்தப் பெண் திரையைத் திருப்பினாள். எட்டு அரைவட்டம், ஒன்றுக்குள் ஒன்றாக.

கொப்பரையில் 60 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். ஈரம் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். அபாயச் சரக்குப் பட்டியலில் அதற்கு 1363 என்று ஐ.நா. எண்ணே இருக்கிறது. எல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அங்கே நின்றபோது எனக்கு வந்தது கோபம்தான். 2024 சபரிமலை சீசனில் இருமுடித் தேங்காயைக் கையிலேயே கொண்டுபோக விட்டார்களே என்று மல்லுக்கு நின்றேன்.

"அது சாமி தேங்காய் அங்கிள். இது காய்ஞ்சது."

லண்டனில் இத்தனை வருஷமாக வரிசையில் நிற்கிறேன். ஒருத்தரும் என்னை உறவு சொல்லி அழைத்துப் பொருளைப் பிடுங்கியதில்லை. கோபப்படவும் விடாமல் பிடுங்குவது நம் ஊர் வித்தை. வேட்டியை உதறி அவளே திரும்ப மடித்து வைத்தாள், என் மடிப்பைவிட ஒழுங்காக.

மூலையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. பாதிக்கு மேல் கொப்பரை. எத்தனை பேருடைய சித்திகளோ! அறை முழுக்க செக்கு வாசம்.

லண்டன் வந்து சேர்ந்ததும் சித்திக்கு போன் போட்டு உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சரி, அந்தப் புள்ளைக்காவது ரெண்டு மூடி குடுத்துட்டு வந்தியா?"